வீட்டுக்காரரின் ஏப்ரல்

வலது கையை வாசலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையை வானத்தைப் பார்க்க விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார் சிவானந்தராசா. உடம்பு முழுக்க வீட்டுக்குள் இருக்கிறது. கை மட்டும் வெளியே. ஒரு காலில் பனிச் சப்பாத்து, மற்றக் காலில் குளியலறைச் செருப்பு. இடது கக்கத்தில் பெரிய கறுப்புக் குடை. மார்ச் பிறந்தால் மே முடியும்வரை இந்த மனிதர் வீட்டை விட்டு இறங்குவது இப்படித்தான். கையில் துளி விழுந்தால் செருப்பு கழலும், விழாவிட்டால் சப்பாத்து கழலும். எது கழன்றாலும் குடை கக்கத்திலேயே இருக்கும்.

"தம்பி, உது ஏப்ரல். உதோடை கொஞ்சம் தள்ளி நிண்டுதான் பழகவேணும்" என்பார், நீட்டிய கையை எடுக்காமலே.

சுவிஸில், ஓல்டன் நகரத்தில், பொதிகள் பிரிக்கிற களஞ்சியம் ஒன்றில் நானும் அவரும் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறோம். ஐம்பதைத் தாண்டியவர், கட்டையான உருவம், தலையில் காதோரம் மட்டும் மயிர். மட்டக்களப்புக்காரர். எந்தக் கதையையும், பிறகு என்பதற்கு அவருடைய ஊரில் சொல்லும் "மறுகா" என்ற ஒற்றைச் சொல்லால் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். நான் யாழ்ப்பாணத்தான். அந்தச் சொல்லை வைத்து அவரைச் சீண்டாத நாளில்லை. அவர் சட்டை செய்ததுமில்லை.

அவருடைய வீடு பக்கத்துக் கிராமத்தில், ரயில் பாதையை ஒட்டினாற்போல் நிற்கிறது. சரக்கு ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும். அவருடைய மனைவி சுசீலாதேவி வேலை செய்த முதியோர் இல்லத்தில் வாரிசில்லாத கிழவர் ஒருவர் இருந்தார். சுவிஸ்காரர் எவரும் திரும்பிப் பார்க்காத தன்னுடைய அந்த வீட்டை இவர்களுக்கு விற்றுவிட்டுக் கண்ணை மூடினார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஆட்களில் சொந்த வீடு வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான் என்பதால், எல்லோருக்கும் அவர் "வீட்டுக்கார அண்ணை". அந்தப் பெயரில் கொஞ்சம் பொறாமையும் உண்டு, என்னுடையதும் சேர்த்து.

ஆனால் வீடு வந்த நாளிலிருந்து மனிதர் வானத்தோடு சண்டைக்கு நின்றார்.

"வாடகைக்கு இருக்கேக்க பெய்தது வீட்டுச் சொந்தக்காரன்ரை மழை. ஒழுகினா அவனுக்கு ஒரு போனை அடிச்சுப்போட்டுப் படுக்கலாம். மறுகா இதை வாங்கினன். இப்ப பெய்யிறது முழுக்க என்ரை மழை, தம்பி. ஒரு துளி வெளியாலை போகாது."

மலை தாண்டி வரும் வெக்கைக் காற்று வசந்தத்தில் திடீரென்று வீசும். அது அடித்தால் சுவிஸ்காரருக்குத் தலையிடிக்கும். இவருக்கும் இடிக்கத் தொடங்கிவிட்டது. "அகதியா இருக்கேக்க எனக்கு உந்தத் தலையிடி இல்லை. வீடு வாங்கினாத்தான் உதுக்கு பெர்மிட் குடுக்கிறாங்கள்போலை" என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சொல்வார். தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவரைக் கண்டால், "வாரும், இண்டைக்கு என்ன பொய்?" என்று கதிரையை இழுத்துப் போடுவார்.

வெயிலுக்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "வெயில் வந்தா, ஏன் வந்தனீ, எப்ப போவாய் எண்டு கேட்கப்படாது. கண்ட உடனை உடுப்பைக் காயப்போட்டிட வேணும்." சொன்னபடியே செய்வார். பாதி மழித்த தாடையோடு, சவர்க்கார நுரை வழிய, ஈர உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். கடைசிக் கொழுக்கியை மாட்ட முன்னம் ஆலங்கட்டி விழும். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் மறுபடி வெயில் எறிக்கும். பக்கத்து வீட்டுச் சுவிஸ் மனுஷி ஃப்ரவ் ஹூர்ட்செலர் மதிலுக்கு மேலால் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார். "சிரி, சிரி. உன்ரை ஏப்ரல்தானே" என்று தமிழிலேயே பதில் சொல்வார் இவர்.

இந்த முற்றத்துக்காகத்தான் சுசீலாக்கா அந்த வீட்டுக்கே சம்மதித்தார். உள்ளே அறைகள் இருட்டு, படிகள் செங்குத்து. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து, கையகலப் புல்லையும் அதற்கு மேலே திறந்து கிடந்த வானத்தையும் பார்த்தார். "இதிலை சித்திரை வருஷப் பொங்கல் பொங்கலாம்" என்றார். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் மூன்றாம் மாடியில், மின்னடுப்பில், புகை எச்சரிக்கை மணிக்குப் பயந்து பயந்து பொங்கியவர். "அது பால் காய்ச்சிறது. பொங்கல் எண்டா சூரியன் பாக்கவேணும்" என்பது அவருடைய கட்சி.

சூரியன் பார்த்தால்தானே! முதல் சித்திரைக்குப் பனி கொட்டி, மூன்று அடுப்புக் கற்களும் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. அடுத்த வருஷம் பானைக்குள் ஆலங்கட்டி விழுந்தது. "பொங்கல் வேண்டாம், ஐஸ்கிறீம் சாப்பிடுவம்" என்றார் இவர். அதற்கடுத்த வருஷம் வெயில் என்றால் வெயில். பால் கொதிக்கிற நேரம் பார்த்து, புகையைக் கண்ட யாரோ தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து போன் பண்ண, தீயணைப்புப் படை வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனது. போகும்போது அவர்கள் குழாயைச் சுருட்டிய நேர்த்தியை இவர் எங்களுக்கு நடித்தே காட்டுவார். சுசீலாக்கா மட்டும் அந்தக் கதைக்குச் சிரிக்கமாட்டார்.

போன பனிக்காலம் சுசீலாக்காவுக்கு வயிற்று நோ என்றார்கள். பிறகு ஈரலில் புற்று என்றார்கள். மாசி முடிவதற்குள், இனி மருந்தில்லை, நோ தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒருக்கா என்ரை முற்றத்திலை, வெயிலுக்கை பொங்கிப்போட்டுப் போறன்."

டொக்டர் மறுக்கவில்லை. வருஷப்பிறப்பு அன்று காலையில் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், பின்னேரம் கொண்டுவந்து விடவேண்டும் என்றார். சிவானந்தராசா அன்றைக்கே ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டார். புதுப் பானை வந்தது. விறகு நிலவறையில், எண்ணெய்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் காய்ந்தது. புகைக்காக ஃப்ரவ் ஹூர்ட்செலரிடமும் தீயணைப்புக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். முற்றத்தில் மூன்று கற்களையும் கழுவி வைத்தார். மேலே மழைக்கு ஒரு படங்கு கட்டட்டோ என்று நான் கேட்டேன். "கட்டினா சூரியன் பாக்காது எண்டு அவள் சொல்லிப்போட்டாள். மழை வந்தா நான் குடை பிடிக்கிறன். குடை எண்டா மடக்கலாம்தானே."

பகிடியும் குறையவில்லை. கூடியது என்றே சொல்லவேண்டும். தெற்கே மலைக்கு அப்பாலிருந்து வரும் லொறிச் சாரதிகளை மறித்து, "அங்காலை என்ன நிறம்?" என்று வானத்தைப் பற்றி விசாரிப்பார். அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. வேறு பக்கம் திரும்பிப் பொதியைத் தூக்குவேன்.

வருஷப்பிறப்புக்குப் பத்து நாள் இருக்க, ஒரு சனிக்கிழமை அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்படி ஒரு வெயில். சுசீலாக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பல நாளைக்குப் பிறகு தானாகவே தலை வாரியிருந்தார். தாதி வந்து, இன்றைக்கு நல்லாக இருக்கிறார், வெளியிலும் நல்ல நாள், விரும்பினால் பின்னேரம்வரை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பொங்குவமோ?" என்றார் சுசீலாக்கா.

"விசரே உனக்கு? வருஷம் இன்னும் பிறக்கேல்லை."

"சூரியன் நாள் பாத்தோ வந்து நிக்குது?"

"பொங்கலுக்கு ஒரு நாள் இருக்கு, நேரம் இருக்கு, சுசீலா. சும்மா ஒரு சனிக்கிழமையிலை பொங்கினா அது சமையல். டொக்டர்தான் வருஷத்துக்கு விடுறன் எண்டவரே. மறுகா என்ன அவசரம்?"

வானத்தை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், வெயிலைக் கண்டால் கேள்வி கேட்காதே என்று சட்டம் போட்ட மனிதர், அன்றைக்குப் பஞ்சாங்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பஞ்சாங்கத்தில் அவருக்கு அவ்வளவு பிடிப்பு ஒன்றும் இல்லை. முந்திப் பொங்கினால், இவள் வருஷப்பிறப்புவரை இருக்கமாட்டாள் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்தப் பயம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. சுசீலாக்காவுக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். யன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த வாரம் முழுக்க மழை, இடையிடையே ஈரப்பனி. ஈஸ்டர் ஞாயிறு விடியற்காலையில், யன்னலில் ஆலங்கட்டி சடசடக்க, சுசீலாக்கா போய்விட்டார். வருஷம் பிறக்க இரண்டு நாள் இருந்தது.

ஈஸ்டர் விடுமுறையால் தகனத்துக்கு உடனே நாள் கிடைக்கவில்லை. உடல் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. சாவு வீட்டில் வருஷமும் இல்லை, பொங்கலும் இல்லை. முற்றத்தில் அடுப்பு மூட்டக்கூடாது. சொந்தக்காரர் யார் யாரோ ரயிலேறி வந்து, தங்கள் வீட்டில் சமைத்த சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

வருஷப்பிறப்பு அன்று காலையில் நான் போனேன். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு முகில் இல்லை. புல் மினுங்கியது, மதிலோரத்து மரத்தில் பூ வெடித்திருந்தது, மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. எனக்கு அந்த வெயிலின் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு மனுஷிக்கு ஒரு நாள் கொடுக்க மனம் வராத வானம், யாருக்காக இப்படி உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறது?

அவர் பின்கதவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். முகம் மழிக்கவில்லை. ஃப்ரவ் ஹூர்ட்செலர் மஞ்சள் பூக்கொத்தோடு வந்து, அவருடைய கையைப் பிடித்தபடி, இன்றைக்குத்தானே உங்களுடைய பண்டிகை என்று மெதுவாகக் கேட்டார். "யா" என்றார் இவர். அந்த மனுஷி முற்றத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

ஏதாவது பகிடி சொல்வார் என்று நான் காத்திருந்தேன். எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் வாயைத் திறந்தால் போதும் என்றிருந்தது.

"அந்தச் சனிக்கிழமையும் உப்பிடித்தான் எறிச்சது, தம்பி" என்றார்.

ஒரு சரக்கு ரயில் போனது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்து அடங்கின.

அவர் எழும்பினார். வாசலில் நிற்கவில்லை, கையை நீட்டிப் பார்க்கவில்லை. கால் இரண்டும் வெறுங்கால். கொழுக்கியில் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்து வாசலுக்குள்ளேயே விரித்தார். அது கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. இழுத்து விடுவித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூன்று கற்களிலும் வெயில் படாதபடி குடையைச் சாய்த்துப் பிடித்தார். அவருடைய வழுக்கைத் தலை வெயிலில் இருந்தது.