டீச்சர் அன்று சொன்னது

என் அக்கா மகளை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். நானும் அக்காவும் சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர்கள். பிழைக்க வந்த நாட்டின் பாஷை எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவே இல்லை. மருந்துக்கடையோ வீட்டுக்காரரோ, எங்களுக்காகப் பேசுவது அந்தப் பத்து வயசு வாய்தான்.

ஒருநாள் பள்ளியிலிருந்து எங்களை வரச் சொன்னார்கள். டீச்சர் நெடுநேரம் பேசினார். பேசப் பேச அவருக்குக் கண் கலங்கியது.

“என்னடி சொல்றாங்க?” என்றாள் அக்கா.

“நான் நல்லாப் படிக்கிறேனாம்மா.”

“அதுக்கு ஏன் அழறாங்க?”

“சந்தோஷத்துல.”

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சரின் கைகளைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். மாமா செத்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வாயாடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுவாரம் அந்தக் கழுதை ஒற்றை ஷூவோடு வீடு வந்தது. பஸ்ஸில் தொலைந்துவிட்டதாம். புத்தம்புது ஷூ! அக்கா முதுகில் இரண்டு வைத்தாள். அதற்கும் கழுதை அழவில்லை.

சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம். வாசலில் இரண்டு சிறுமிகள், ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. நெட்டையின் முழங்காலில் ரத்தம். குட்டையின் கையில் அந்த ஷூ.

வாயாடி ஓடிப்போய் அவர்களை வெளியே தள்ளப் பார்த்தாள். குட்டையா விடுவாள்? எங்களுக்குப் பாஷை தெரியாது என்று புரிந்ததும் நடித்தே காட்டிவிட்டாள். பள்ளியில் வாயாடி பேசுவதைப் பழித்துக்காட்டும் ஒரு கூட்டம். முடியைப் பிடித்து இழுக்கிறார்கள், முதுகில் குத்துகிறார்கள். ஷூவைக் கழற்றிக் கூரைமேல் எறிகிறார்கள். நெட்டை ஏறி எடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் முன்பே டீச்சரிடம் சொன்னதும் இவர்கள்தான் என்று வாயாடியே ஒப்புக்கொண்டாள்.

“ஏன்டி மறைச்சே?” என்றாள் அக்கா.

“அப்பா போனதிலேர்ந்து நீ அழுதுக்கிட்டேதானேம்மா இருக்கே.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். “எம்புள்ளைய அடிக்கிறாங்கன்னு அன்னிக்கு டீச்சர் சொல்லச் சொல்ல, நான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னிருக்கேனே!”

எனக்கோ அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்தலாம் போலிருந்தது. குட்டை பயந்துபோய் வாயாடியிடம் ஏதோ கேட்டாள். வாயாடி பதில் சொன்னாள்.

“என்னடி கேட்டா?” என்றேன்.

“அம்மா ஏன் அழறாங்கன்னு.”

“நீ என்ன சொன்னே?”

“சந்தோஷத்துலன்னு சொன்னேன் சித்தி.”

குட்டை அதை நம்பவில்லை. வாயாடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் எங்கள் வாயாடி அழுதாள்.