கோகிலவாணி பார்த்த வரி

கோகிலவாணிக்கு ரமேஷைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஜமுனாமரத்தூர் சாமை ஆலையில் இருவருக்கும் ஒரே அறையில் வேலை. எந்திரத்தை ஓட்டும் புரோகிராமை முதலில் எழுதியவள் அவள்தான். திருப்பத்தூரிலிருந்து வந்த ரமேஷ் அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, இன்டர்பிரட்டரில் ஓடுகிற மாதிரி தானே ஒன்றை எழுதினான். முதலாளியும் அவனுக்கே தலையாட்டினார்.

"என்னுது கம்பைலர்ல போறது. மொத்தத்தையும் முன்னாடியே படிச்சி, ஒரு தப்பு இருந்தாலும் எந்திரத்த அசையவே வுடாது. உன்னுது ஒவ்வொரு வரியா படிச்சிகினே வேலையும் செஞ்சிகினே போவும். பாதியில தப்பு வந்தா, அதுவரிக்கும் செஞ்சத இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள்.

"நீ கம்பைல் பண்ணிகினே இரு. நான் மாத்துன உடனே ஓட்டிட்டுப் போய்ட்டே இருப்பேன்" என்று இளக்காரமாகச் சிரித்தான் ரமேஷ். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

அறுப்பு முடிந்து புதுச்சாமை வந்தது. அதில் முதலில் சாமிக்குப் பொங்கல் வைப்பார்கள். வேறு வீட்டுத் தானியம் ஒரு பிடி கலந்தாலும் சாமிக்கு ஆகாது. அதனால் ஒரு வீட்டுச் சாமை முடிந்து அடுத்த வீட்டுடையது வரும்போது, அரிசி கொட்டும் எந்திரத்தின் குழாய் அடுத்த சாக்குக்குத் திரும்ப வேண்டும். அன்று காலை ரமேஷ் அவசர அவசரமாகப் புரோகிராமில் குழாய் மோட்டாரின் பெயரை மாற்றினான். குழாயைத் திருப்பும் வரியில் மட்டும் பழைய பெயரையே விட்டுவிட்டான். கோகிலவாணி பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. எல்லார் எதிரிலும் அவன் மூக்கு உடையட்டும் என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது.

வரிசையில் முதலில் நின்ற செந்தாமரை வீட்டுச் சாமை ஒழுங்காக அரைபட்டது. அடுத்த வீட்டு மூட்டையைக் கொட்டினார்கள். தானியத்தை எந்திரத்துக்குள் விடும் கதவைத் திறக்கும் வரி ஓடியது. குழாயைத் திருப்பும் வரியில், பழைய பெயர் எதுவென்று தெரியாமல் புரோகிராம் படுத்துவிட்டது. திறந்த கதவு திறந்தபடியே இருக்க, அரிசி முழுவதும் செந்தாமரையின் சாக்கிலேயே கொட்டியது.

"ஐயோ, சாமிக்கு வச்ச அரிசியாச்சே!"

குரல் கேட்டுத்தான் கோகிலவாணி திரும்பினாள். காலிச் சாக்கோடு நின்றது அவள் அம்மா மாதம்மாள். மகளிடம் சொல்லாமலேயே முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் நின்றிருக்கிறாள்.

"பாவி! அந்த வரி தப்புன்னு காத்தாலயே பாத்தேன்டா!" என்று ரமேஷ் மேல் பாய்ந்தாள் கோகிலவாணி.

ரமேஷ் தலை குனிந்தான். மாதம்மாள் மகளைப் பார்த்தாள்.

"காத்தாலயே பாத்தியா?"

கோகிலவாணி பார்வையைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாத்துட்டு சும்மா குந்தினு இருந்தியா?"

மாதம்மாள் சாக்கை உதறி மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கோகிலவாணி அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

"பொங்கலுக்கு நீ வூட்டுக்கு வராத" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலேயே.