சின்னத் தாங்கிக்கு விட்ட தண்ணீர்

தம்பியின் ஜீப் வருவது இறுப்பிட்டிச் சந்தியிலேயே கேட்கும். மற்ற வாகனங்கள் உறுமும். இது மிதித்தவுடன் மெல்லிய சீழ்க்கை ஒன்றை எழுப்பும். வேகம் கூடக்கூடச் சீழ்க்கையும் கூடும்.

தம்பி தெற்கே கனகாலம் கடை வைத்திருந்தவன். கடையை விட்டுவிட்டு ஊரோடு வந்தபோது, வெளிநாடு போகிற ஒருவரிடம் இந்த ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தான். கொண்டு வந்த அன்று என் புருசனைக் கூப்பிட்டு பொனற்றைத் திறந்து காட்டினான்.

"அத்தான், இது சும்மா எஞ்சின் இல்லை. சுப்பர்சார்ஜர் பூட்டினது. எந்த ஏத்தத்திலையும் பறக்கும்."

"புங்குடுதீவிலை ஏத்தம் எங்கை மச்சான் இருக்கு?" என்றார் இவர். "கோயில் படியிலையோ ஏத்தப் போறீர்?"

அப்போது இவர் நல்ல சுகத்தோடு இருந்தார். அடுத்த வருடமே இரண்டு சிறுநீரகமும் பழுது என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் நிற்க வேண்டும். அங்கே மெசின் இரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரையும் எடுத்துவிடும். ஒரு முறை தவறினால் சமாளிக்கலாம். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று டொக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தம்பியின் ஜீப்தான் எங்களை ஏற்றி இறக்கியது.

ஜீப்பைப் பழுது பார்க்கிறவன் வேலணையில் கராச் வைத்திருக்கும் ஒரு பெடியன். பெடியன் என்றாலும் நாற்பது வயது இருக்கும். பொனற்றுக்குள் தலையை விட்டபடி அவன் சொன்னதை நான் பின் சீற்றில் இருந்து கேட்டிருக்கிறேன்.

"கூடாத சாமானெண்டு சொல்லமாட்டன் அண்ணை. பாத்து வைச்சிருந்தால் கனகாலம் ஓடும். ஆனா நோகிற இடம் கன இடம் இருக்கு. இந்தப் பெல்ட் அறுந்தால் இழுவை போச்சு. கடல் காத்துக்கு வயர் முனையெல்லாம் பச்சை பிடிச்சிருக்கு, பாருங்கோ. எல்லாத்தையும் விட உந்தச் சின்னத் தாங்கி. சுப்பர்சார்ஜர் எஞ்சினுக்குக் காத்தை அமத்தி ஊதுது. அமத்தின காத்து கொதிக்கும். அதை ஆத்திறதுக்கு வேறையா ஒரு தண்ணி ஓட்டம் வைச்சிருக்கிறான், அதுக்குத்தான் இந்தத் தாங்கி. பெரிய ரேடியேற்றர் எங்கடை பிழையைக் கொஞ்சம் பொறுக்கும். இது பொறுக்காது."

அந்தச் சின்னத் தாங்கிக்குப் போகிற குழாய் ஒன்றில் மெல்லிய கசிவு இருந்தது. புதுக் குழாய் கொழும்பிலிருந்து வரவேண்டும். தம்பிக்கு இடுப்பு வருத்தம், குனிய ஏலாது. ஜீப் நிற்பதும் எங்கள் வளவுக் கொட்டிலில். அதனால் காலையில் தாங்கியின் அளவுக் கோட்டைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புகிற வேலை என்னிடம் வந்தது. சிவப்பு நிறத் தண்ணீர் ஒரு கலனும் தம்பி தந்திருந்தான்.

"அக்கா, இந்தக் கலர்த் தண்ணி முடிஞ்சால் குடிக்கிற தண்ணி விடுங்கோ. கிணத்துத் தண்ணி மட்டும் வேண்டாம்."

ஓம் என்றேன்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் சவர், உப்புக் கரிக்கும். குளிப்பு, தோய்ப்பு, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதில்தான். குடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர். அதை மூடி கட்டிய பரலில் வைத்து, செம்பால் அளந்து எடுப்போம். குடிக்கிற தண்ணீரில் காலைக் கழுவிவிட்டாள் என்று ஒரு மருமகளை அயல் முழுக்க வருடக்கணக்காகச் சொல்லிக்காட்டிய ஊர் இது. சிவப்புக் கலன் முடிந்த கிழமை பவுசர் வரவில்லை. பரலில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் நின்றேன். தம்பி சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய் இரும்புக்குள் ஊற்றக் கை வரவில்லை. கிணற்றில் ஒரு வாளி அள்ளி, அதிலிருந்து விட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் விட்டேன். பிறகு பவுசர் வந்து பரல் நிரம்பியது. அப்போதும் கிணற்றுத் தண்ணீரையே விட்டேன். இப்படி ஒரு மாதம் வரை போயிருக்கும்.

அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை இவருடைய தமையன் மோசம் போய்விட்டார். செத்தவீட்டை விட்டு வரமாட்டேன் என்று இவர் ஒரே பிடி. முறை தவறியது. வெள்ளி விடிந்தபோது கால் இரண்டும் வீங்கி, விரலால் அமத்தினால் குழி அப்படியே நின்றது. சாய்ந்தால் மூச்சு முட்டியது. கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே வாயால் மூச்சு வாங்கினார். எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம்.

ஊரைத் தாண்டும் வரை சரியாகத்தான் ஓடியது. கடலுக்குக் குறுக்கே வேலணைக்குப் போகிற தாம்போதியில் ஏறிப் பாதித் தூரம் வந்திருப்போம். சீழ்க்கைச் சத்தம் மாறியது. எஞ்சினுக்குள் யாரோ சின்னக் கல்லுகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் டிக் டிக் என்று கேட்டது. முன்னுக்கு மஞ்சள் லைற் ஒன்று எரிந்தது. தம்பி இன்னும் அமத்தி மிதித்தான். மிதிக்க மிதிக்க இழுவை குறைந்து, ஓரமாக நின்றுவிட்டது.

"பெற்றோல் கூடாது" என்றான். "நேத்து அடிச்சதிலை ஏதோ கலந்திருக்கு."

பொனற்றைத் திறக்க அனல் முகத்தில் அடித்தது. பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி எடுத்தான். பிடிபட்டதும் ஆவேசமாக மிதித்தான். கொஞ்சத் தூரம் ஓடி அதே டிக் டிக். மறுபடியும் நின்றது. இரண்டு பக்கமும் கடல். நிழலுக்கு ஒரு பற்றை கூட இல்லை. முதலாம் பஸ் எங்களுக்கு முன்னமே போயிருந்தது. அம்புலன்சுக்குத் தொலைபேசி எடுத்தான். அது ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிப்போயிருக்கிறது, திரும்பி வர நேரம் செல்லும் என்றார்கள்.

இவருடைய உதடு கறுத்துக்கொண்டு வந்தது. "மணி என்ன?" என்று கேட்டார். ஒன்பது ஆகப் பத்து நிமிடம் என்றேன். பிறகு கேட்கவில்லை.

அந்த நேரம் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். தம்பி அவரிடம் விசயத்தைச் சொன்னான். வேலணைக்குப் போய் வேறு பெற்றோல் கலனில் வாங்கி வந்து, பழையதை இறக்கிவிட்டு ஊற்றுவதென்று முடிவு செய்தார்கள்.

"முக்கால் மணித்தியாலத்திலை வந்திடுவன் அக்கா."

அவன் காலைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் ஏறுகிறான். எனக்குத் தெரியும், பெற்றோலில் பிழை இல்லை என்று. முதல்முறை நின்றபோதே தெரியும். சொல்ல வாய் எழவில்லை. தம்பி மட்டும் என்றாலும் பரவாயில்லை, முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளையும் நிற்கிறார். வளவுக்குள் இருந்து சத்தம் போடாமலே வாழ்ந்து பழகிவிட்டேன். பக்கத்தில் இவருடைய நெஞ்சுக்குள் கொதிக்கிற உலைபோல ஒரு சத்தம் கேட்டது.

"தம்பி, பெற்றோலிலை பிழை இல்லையடா" என்றேன். "நான் கிணத்துத் தண்ணி விட்டனான்."

"எதுக்கை?"

"சின்னத் தாங்கிக்கை."

"எத்தினை நாள்?"

"கலர்த் தண்ணி முடிஞ்ச நாளிலை இருந்து."

அவன் இறங்கி வந்து கதவடியில் நின்றான். "குடிக்கிற தண்ணி எண்டெல்லோ சொன்னனான் அக்கா? விளங்கேல்லையோ?"

"விளங்கினது. கை வரேல்லை."

இவர் மூச்சுக்கு நடுவில் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "எனக்கே... குடிக்கத் தண்ணி... அளந்துதான் தாறா. உம்மடை ஜீப்புக்கு... தருவாவோ?"

மோட்டார் சைக்கிள்காரர் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. கராச்காரனுக்குத் தொலைபேசி எடுத்தான். காற்றுக்குக் கேட்காது என்று சத்தத்தைக் கூட்டி வைத்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சவர்த் தண்ணியோ! நல்லகாலம் சொன்னியள். எஞ்சின் சூட்டு முள்ளு எங்கை நிக்குது?"

"நடுவிலை."

"அப்ப எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. சின்னத் தண்ணி ஓட்டத்திலை உப்புப் பிடிச்சு அடைச்சுப் போட்டுது. ஊதிற காத்து ஆறேல்லை. நீங்கள் மிதிச்சால் அது ஊதும், ஊதினால் கொதிக்கும். மிதிக்காதேங்கோ அண்ணை. ஏசியை நிப்பாட்டுங்கோ. அந்த விசில் சத்தம் கேக்கவே கூடாது. கேட்டால் காலை எடுங்கோ. சைக்கிள் வேகத்திலை போனியளெண்டால் யாழ்ப்பாணம் போய்ச் சேருவியள்."

"பத்து மணிக்கு நிக்கவேணும்."

"மிதிச்சியளெண்டால் பத்துக்கும் இல்லை, பதினொண்டுக்கும் இல்லை."

மோட்டார் சைக்கிள்காரர் இவருடைய கிளினிக் கொப்பியைக் கேட்டார். தான் முன்னுக்குப் போய் அங்கே சொல்லி வைப்பதாகச் சொன்னார். பேர் கூடத் தெரியாதவரிடம் கொப்பியைக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு போன போக்கை நான் மறக்கமாட்டேன். தம்பிக்கு அந்தச் சீழ்க்கை பழகிப்போய்க் காதில் ஏறாது. நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். முன் சீற்றை எட்டிப் பிடித்தபடி இருந்தேன். ஒரு கை இவருடைய முதுகில்.

"தம்பி, சத்தம்."

காலை எடுப்பான். ஜீப் தளரும். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்து முந்துவார்கள். அவனுக்கு அது பொறுக்காது, அறியாமலே கால் அமரும்.

"தம்பி, கால்!"

"ஓம் ஓம், கத்தாதேங்கோ."

கத்தினேனாம். எனக்கே தெரியவில்லை. வேலணையில் மீன் பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. மண்டைதீவைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று. அதை வெல்ல அவன் மிதித்தான், மஞ்சள் லைற் மறுபடி எரிந்தது. நிற்பாட்டி ஆறவிட்டோம். கோட்டை மதில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, போக வழியில்லை. இவர் என் தோளில் நெற்றியை வைத்து, "விடும், இறங்கி நடப்பம்" என்றார். எழும்பவே ஏலாத மனுசன். அவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று விளங்கி, அவரைத் தோளோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் தம்பி திறப்பைத் திருப்பினான். உருண்டு உருண்டு போய்ச் சேர்ந்தது.

பத்தே முக்கால். தாதி வாசலில் நின்றாள். கையில் கொப்பி.

"கொப்பி வந்து எவ்வளவு நேரம், ஆளை இப்பதான் கொண்டு வாறியள்" என்று ஏசினாள். ஆனால் அடுத்தவரை ஏற்றாமல் மெசினை வைத்திருந்தாள். ஒட்சிசனைப் பிடித்தபடியே கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "போன வெள்ளிக்குப் பிறகு எவ்வளவு தண்ணி குடிச்சவர்?" என்றார்.

இவர் மூக்கில் பூட்டியதை ஒதுக்கிவிட்டு, "சொன்ன அளவுதான்" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணால் ஒரு சைகையும் காட்டினார்.

"இல்லை டொக்டர்" என்றேன். "செத்தவீட்டிலை நாலு தேத்தண்ணி குடிச்சவர். சோடாவும் ஒண்டு. இரவு ரெண்டு தரம் செம்பிலை வாத்துக் குடிச்சதையும் நான் பாத்தனான்."

"பாத்தனீரோ?" என்றார் இவர்.

"ஓம்."

டொக்டர் தாதியைப் பார்த்து எடுக்க வேண்டிய தண்ணீரின் அளவைக் கூட்டிச் சொன்னார். அவள் மெசினில் எண்களை மாற்றினாள். இவர் என்மேல் கோபத்தோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குழாயில் இரத்தம் ஓடத் தொடங்கியது. நான் கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு, அவருடைய விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து அவர் வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டார்.