பொய்ப் பனியும் பவானியும்

போன ஞாயிறு பின்னேரம், சுவிஸின் லாங்கன்தாலில் பவானியின் வீட்டு ஹோலில் கால் வைக்க இடமில்லை. சோஃபாவில் நெருக்கியடித்துக்கொண்டு சிலர், கம்பளத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு சிலர், கதவு நிலையில் சாய்ந்தபடி சிலர்... எல்லோருடைய கண்ணும் ரீவியில்.

கிரிக்கெட் இறுதிப் போட்டியா? இல்லை. ஒரு கிறிஸ்மஸ் காதல் படம். அதுவும் ஜேர்மன் மொழியில்.

அந்த மாதிரிப் படங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். டிசம்பர் பிறந்தால் ரீவியில் வரிசைகட்டி வரும். ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு தொழிற்சாலை — நொடிந்துபோய்க் கிடக்கும். அதை மூடிவிட்டுப் போக நகரத்திலிருந்து ஒருத்தி குதி உயர்ந்த சப்பாத்தோடு வருவாள். அங்கே ஒரு மேற்பார்வையாளன் இருப்பான். மனைவியை இழந்தவன், நல்லவன், தாடிக்காரன். முதல் சந்திப்பில் சண்டை. இரண்டாவதில் அவள் கோட்டில் கோப்பி கொட்டும். பிறகென்ன? நத்தாருக்கு முதல் தொழிற்சாலை தப்பும், பனி கொட்டும், முத்தம், முற்றும்.

எழுதியவருக்கும் முடிவு தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பார்க்கிறோமே, ஏன்?

நாங்கள் பார்த்ததற்குக் காரணம் வேறு. அந்தப் படத்தில் நாங்கள் நடித்திருந்தோம்.

'நடித்திருந்தோம்' என்பது கொஞ்சம் கூடத்தான். கதாநாயகனுக்குப் பின்னால் நடமாடினோம்.

நான் வேலை செய்கிற இடத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன். சமையலறை அலுமாரிக் கதவுகளைத் திறந்து மூடுகிற பிணைச்சல் செய்கிற கொம்பனி. நான் பொதி கட்டும் பிரிவில். பவானியும் அங்கேதான் — என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். போன வருடம் முதலாளிமார் எங்களைக் கன்டீனுக்குக் கூப்பிட்டு, உற்பத்தி முழுவதும் கிழக்கு ஐரோப்பாவுக்குப் போகிறது, இங்கே படிப்படியாக மூடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் பின் மண்டபத்து இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த வெறும் மண்டபத்தைத்தான் படக்காரர் வாடகைக்கு எடுத்தார்கள்.

மண்டபத்தோடு எங்களையும் கேட்டார்கள். வேலை போகப்போகிற தொழிலாளர்கள், படத்தில் வேலை போகப்போகிற தொழிலாளர்களாக வர வேண்டும். முகத்தில் கவலை தெரிய வேண்டும் என்றார் டைரக்டர். அதற்கு எங்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

இப்போது ஊலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இந்தப் பக்கத்துச் சுவிஸ்காரர். மணமுறிவாகித் தனியே இருக்கிறவர். அளந்துதான் கதைப்பார். காலை ஒன்பது மணி இடைவேளையில் நானும் பவானியும் இருக்கிற மர வாங்கின் மற்ற நுனியில் வந்து இருப்பார். பவானி கொண்டுவருகிற கடலை வடையில் ஒன்று அவருக்குப் போகும். அவருடைய அப்பிளில் பாதி இவளுக்கு வரும். வருடக்கணக்காக இதுதான் நடந்தது. இதற்கு மேல் ஒன்றும் இல்லை. பவானியின் கணவர் புற்றுநோயில் போனபிறகு அவள் வேலை, வீடு, மகன் என்றே இருந்தவள். மகன் நிரோஷன் படித்து, கல்யாணம் கட்டி, ஆரா நகரத்தில் குடியிருக்கிறான்.

ஷூட்டிங் நடந்தது பங்குனியில். வெயில் பளிச்சென்று அடிக்கிறது; நாங்கள் குளிர்காலக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக வியர்த்துக்கொண்டு நிற்கிறோம். ஊர்ச் சதுக்கத்தில் பொய்யாக ஒரு கிறிஸ்மஸ் சந்தை போட்டிருந்தார்கள். பனி? அதுவும் பொய்தான். கடதாசித் தூளும் நுரையும்.

டைரக்டருக்கு உதவியாக வந்த பெண்பிள்ளை ஒன்று, காதில் கருவியோடு ஓடித் திரிந்தது. கதாநாயகன் காதலைச் சொல்கிற காட்சியில் பின்னால் ஒரு சோடி கைகோத்து நடக்க வேண்டுமாம். எங்களைப் பார்த்தாள். பவானியும் ஊலியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"நீங்கள் ரெண்டு பேரும் சோடியோ?" என்று சுவிஸ் ஜேர்மனில் கேட்டாள்.

ஊலியின் முகம் தக்காளி மாதிரிப் போனது. ஐயோ பிள்ளை, இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் பவானி சொன்னாள்:

"நோ நிட்."

இங்கத்தைய பேச்சில் இரண்டே சொல். இன்னும் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு இதொன்றும் விளங்கவில்லை. "சரி, அப்ப கையைப் பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஊலி அசையாமல் நின்றார். பிறகு கையுறையைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்துவிட்டு, கையை நீட்டினார்.

ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கதாநாயகி வசனத்தை மறந்தாள், ஒரு தடவை வானத்தில் ஹெலிகொப்டர் போனது, ஒரு தடவை சூரியன் மறைந்தது. ஒவ்வொரு முறையும் 'கட்' சொன்னதும் மற்றவர்கள் கலைந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் கையை விடாமலே தொடங்கிய இடத்துக்குத் திரும்பி நடந்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பவானியிடம் கேட்டேன். "என்னடி இது?"

"நான் இவ்வளவு காலமும் அந்தாள் கேட்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அக்கா" என்றாள். "அந்தாள் நான் கேட்பன் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கு. தொழிற்சாலையும் மூடப்போகுது. பிறகு எந்த வாங்கில சந்திக்கிறது?"

கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் நடக்கப் போனார்கள். எனக்கு மட்டும் தெரியும். மகனிடம் நத்தார் விடுமுறையில் ஆற அமரச் சொல்வதாக இருந்தாள்.

ரீவிக்காரர் பொறுப்பார்களா? கார்த்திகை முடியும்போது படத்துக்கு விளம்பரம் போட்டார்கள். அதில் ஒரு கணம் — கண் சிமிட்டினால் தவறிவிடும் — சிவப்புத் தொப்பியோடு பவானி, பக்கத்தில் உயரமாக ஒரு வெள்ளைக்காரர், கோத்த கைகள். யாரோ ஒரு புண்ணியவான் அதை நிறுத்திப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். கிழக்கே கூர் நகரத்திலிருந்து மேற்கே ஜெனீவா வரைக்கும் எங்கட சனம் பார்த்துவிட்டது.

எனக்கும் போன் வந்தது. பவானிக்குத் தூரத்துச் சொந்தமான ஒருவர். "அது பவானிதானே? ஆரந்த ஆள்? உங்களுக்குத் தெரியாமல் இராதே?" என்று இழுத்தார். "படம் வந்தாப்பிறகு பாருங்கோவன், முழுசாத் தெரியும்" என்று வைத்துவிட்டேன்.

நிரோஷன் அந்தக் கிழமையே வந்தான். அவன் வருகிறான் என்று தெரிந்ததும் பவானி என்னையும் கூப்பிட்டிருந்தாள். நல்ல பிள்ளை அவன். சத்தம் போடவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தான்.

"அம்மா, எல்லாரும் கேக்கினம். மாமியும் கேட்டவ. அது படத்துக்காகத்தானே? சும்மா நடிப்புத்தானே?"

பாருங்கள், அவன் கதவைத் திறந்தே வைத்திருந்தான். 'ஓம்' என்ற ஒற்றைச் சொல் போதும். எல்லாம் முடிந்துவிடும். அவள் அதைத்தான் சொல்லுவாள் என்று நானும் நினைத்தேன்.

பவானி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு நடிக்கத் தெரிஞ்சிருந்தா முன்னுக்கு விட்டிருப்பாங்கள், தம்பி. பின்னால நடக்கத்தான் விட்டவங்கள்."

அவன் சிரிக்கவில்லை.

"அவற்ற பேர் ஊலி. என்னோட வேலை செய்யிறவர். நாங்கள் கல்யாணம் செய்யப்போறம். உனக்கு நானே சொல்ல இருந்தனான். ரீவிக்காரர் முந்திட்டாங்கள்."

"அப்பா..." என்று தொடங்கினான்.

"அப்பா படுக்கையில கிடக்கேக்க ஆர் பக்கத்தில இருந்தது எண்டு உனக்குத் தெரியும். அவரை நான் மறக்கேல்லை. அவற்ற படம் உந்தச் சுவரில இருந்து இறங்கப் போறதும் இல்லை. ஊலிக்கும் அது தெரியும்."

"சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்கத் துவங்கியிட்டுது. நான் நல்லாத்தான் நித்திரை கொள்ளுறன்."

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். பிறகு மெல்லச் சொன்னான்: "சனத்தை விடுங்கோ அம்மா. எனக்குத்தான் கஷ்டமா இருக்கு."

பவானி "தெரியும்" என்றாள். அவ்வளவுதான். சோறு போட்டிருந்தாள், அவன் சாப்பிடாமல் போனான். அவனுடைய கார் திரும்பி மறையும்வரை ஜன்னலடியில் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, படம் வாற அண்டைக்கு எல்லாரையும் இஞ்ச கூப்பிடப் போறன். போனில கதைக்கிற அவ்வளவு பேரையும். ஊலியும் வருவார். ஒரு முறை நேர பாத்திட்டுப் போகட்டும்."

"நிரோஷன் வராட்டி?"

"அவனுக்கும் சொல்லுவன். வாறதும் வராததும் அவன்ர விருப்பம்."

அழைத்தால் எங்கட சனம் வராமல் விடுமா? வந்தார்கள். பாதி ஆவலில், பாதி ஆட்டிறைச்சி ரோல்ஸுக்காக. ஊலி சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, தானே செய்த கரட் கேக்கோடு வந்திருந்தார். எனக்குப் போன் எடுத்த அந்தச் சொந்தக்காரர் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து ஜேர்மனில் குறுக்கு விசாரணை நடத்தினார். என்ன வேலை, எத்தனை சகோதரங்கள், இரத்த அழுத்தம் உண்டோ... ஊலி ஒன்றுவிடாமல் மறுமொழி சொன்னார். கடைசியில் அவரே எழும்பிப் போய் ஊலிக்குத் தேத்தண்ணி எடுத்துவந்து கொடுத்தார்.

படம் தொடங்கிவிட்டது. நிரோஷனைக் காணவில்லை. பவானி ரீவியை விடக் கதவைத்தான் கூடப் பார்த்தாள்.

பாதிப் படம் போனபிறகு பெல் அடித்தது. நிரோஷனும் மனைவியும். உள்ளே வந்து, எல்லோருக்கும் பின்னால் கதவோரம் நின்றார்கள். நான் ஒதுங்கி அவர்களுக்கு இடம் விட்டேன்.

கிறிஸ்மஸ் சந்தை வந்தது. முன்னால் கதாநாயகன் உருகுகிறான். அவனை யார் பார்த்தது? பின்னால் இடதுபக்கம் பவானியும் ஊலியும் வருகிறார்கள். அவள் ஏதோ சொல்கிறாள். அவர் குனிந்து கேட்டு, ஏதோ திருப்பிச் சொல்கிறார். அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிக்கிறாள் — வாய் திறந்து, தோள் குலுங்க. சட்டென்று காட்சி மாறிவிட்டது.



"திரும்பப் போடுங்கோ." நிரோஷனின் குரல்.

ரிமோட் வைத்திருந்தவர் பவானியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். பின்னுக்கு ஓட்டித் திரும்பப் போட்டார்.

"இன்னொருக்கா."

மறுபடியும் அந்தச் சிரிப்பு. நிரோஷன் கேட்டான்: "அம்மா, அதில அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

"கால் உளையுது எண்டனான்." பவானி அவன் பக்கம் திரும்பினாள். "தூக்கிக்கொண்டு போகட்டோ, இல்லாட்டி ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவரட்டோ எண்டு கேட்டவர்."

எல்லோரும் சிரித்தார்கள். நிரோஷன் சிரிக்கவில்லை. மனைவியிடம் தாழ்ந்த குரலில் ஜேர்மனில் சொன்னது, பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது: "அம்மா இப்படிச் சிரிப்பா எண்டதையே நான் மறந்துபோனன்."

பிறகு கம்பளத்தில் இருந்தவர்களைத் தாண்டித் தாண்டி ஊலியிடம் போனான். கையை நீட்டினான். "நிரோஷன்" என்றான். இந்த நாட்டில் கையை நீட்டி முதற்பெயரைச் சொன்னால், இனி நமக்குள் 'நீங்கள்' வேண்டாம் என்று பொருள். ஊலி எழும்பிய அவசரத்தில் மடியில் இருந்த கேக் தட்டு கம்பளத்தில் கவிழ்ந்தது. இரண்டு பேரும் குனிந்து கேக்கைப் பொறுக்கினார்கள். நிரோஷனின் முகம் முழுக்க இளகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் படம் முடியும்வரை அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தான். போகும்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

படத்தில் தொழிற்சாலை தப்பிவிட்டது. எதிர்பாராத ஓடர், பாட்டு, பனி, முத்தம். எங்களுடையது தப்பவில்லை. தை மாதத்தோடு பூட்டு. ஆனால் ஊலிக்கு நகரசபையில் வீதி பராமரிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. பவானி முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். நான் இன்னும் தேடுகிறேன். கிடைக்கும், கிடைக்காமல் எங்கே போகும்? சித்திரை கழியப் பதிவுத் திருமணம். அந்தப் படத்தை எழுதியவரைக் கண்டால் ஒன்று சொல்ல வேண்டும் — தொழிற்சாலையைக் காப்பாற்றாமலும் நல்ல முடிவு எழுதலாம், ஐயா.

என்னுடைய கணவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல். "இதெல்லாம் நடக்கிற காரியமோ?" என்று படம் முழுவதும் முணுமுணுத்தவர், கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தூசியாம்.

நடந்து வீட்டுக்கு வரும்போது, ரயில் பாலத்தைத் தாண்டியதும் என் கையைப் பிடித்தார். தெருவில் வைத்து அவர் என் கையைப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"நிலத்தில ஐஸ் கிடக்கு. வழுக்கும்" என்றார்.

அன்றைக்கு நிலத்தில் ஐஸ் எதுவும் இருக்கவில்லை.