பச்சை மணிப் பாயசம்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குக் காவல் கிடையாது. "கைய ஒடிச்சிடுவேன்" என்று நான் சொல்லாத நாள் இல்லை. ஒடித்த நாளும் இல்லை. அது வெறும் வாய்ச்சவடால் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என நினைத்திருந்தேன், ஐந்து வயது மகள் உட்பட.

அந்தத் தீபாவளிக்குச் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் ஒரு பாக்கெட் வாட்டர் பீட்ஸ் வாங்கினேன். கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை மணிகள். தண்ணீரில் போட்டால் ஊறிக் கோலிக்குண்டு அளவுக்குப் பெருத்துவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் நிரப்பி நடுவில் விளக்கு வைத்தால், ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடித் தளத்திலேயே என் வாசல்தான் அழகு. அந்தப் பெருமைக்காகத்தான் வாங்கினேன்.

நான் ஊறப்போடும் முன்பே மகள் பாக்கெட்டைப் பிரித்துவிட்டாள். விளையாட்டுச் சட்டியில் மணிகளைக் கொட்டிக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயதுத் தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான்.

"ஐயையோ! இனிமே இதைத் தொட்டேன்னா கைய ஒடிச்சிடுவேன்!" என்று கத்தி, எல்லாவற்றையும் வாரி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு முறுக்குப் பிழியப் போனேன்.

மறுநாள் மகன் வாந்தி எடுத்தான். கிளினிக்கில் வயிற்றுக் கிருமியாக இருக்கும் என்றார்கள். அதற்கடுத்த நாள் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. வயிறு உப்பி, வாந்தி பச்சையாக வந்தது. மருத்துவமனைக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏதாவது முழுங்கினானா?" என்று கேட்டார் டாக்டர், தமிழ்ப் பெண்.

"சான்சே இல்ல டாக்டர். கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்கிறேன்."

அவர் நகர்ந்ததும் மகள் என்னிடம் வந்தாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"அம்மா, கைய ஒடிக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லவா?"

"சொல்லும்மா."

"தம்பிக்குப் பாயசம் ஊட்டினேன். பச்சை ஜவ்வரிசி. நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே."

வெள்ளிக்கிழமைதோறும் ஜவ்வரிசிப் பாயசம் வைத்து இருவருக்கும் ஊட்டுகிறவள் நான். என்னைப் பார்த்துத்தான் செய்திருக்கிறாள். ஜவ்வரிசி வயிற்றில் கரைந்துவிடும். இந்த மணி, பிள்ளை குடித்த தண்ணீரையெல்லாம் தான் குடித்துப் பெருத்துக் குடலை அடைத்துக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் ஓடினேன். உடனே ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அன்று மதியமே ஆபரேஷன். எடுத்த மணியைச் சின்ன டப்பாவில் காட்டினார் டாக்டர். பளபளவென்று, கோலிக்குண்டேதான். "இது எக்ஸ்ரேல தெரியாது. பாப்பா சொன்னதால பிழைச்சான்."

"பாவம் லா, ரெண்டு நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கா," என்றார் கணவர்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மணியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவளும் நான், சொல்லவேண்டிய வாயை அடைத்தவளும் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் பிள்ளையையே இழக்கப் பார்த்தேன்.

மகன் இப்போது வீடு அதிர ஓடுகிறான். அந்த வார்த்தையை அதன்பிறகு நான் சொன்னதில்லை. மகளுக்கு ஏழு வயது. நேற்று ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, தானே வந்து சொன்னாள். சொல்லும் முன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.