கப்பல் வரவில்லை என்று சொன்னேன்

மருந்து ஏற்றி வந்த கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது என்று ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். எந்தக் கப்பலும் நிற்கவில்லை. அவள் கேட்ட மருந்தை அதற்கு முந்தைய நாட்களிலேயே என் உறவினர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டிருந்தேன். அந்தப் பொய்யை நம்பிக் காத்திருந்த ஒரு மனிதன் மூச்சுத் திணறி விழுந்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்கிற வயதை நான் கடந்துவிட்டேன்.

நான் பார்மசி படித்தவன். வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதி மலேசியாவில், கிள்ளானில் ஒரு மொத்த மருந்துக் கிடங்கில் கழிந்தது. வெளிநாட்டிலிருந்தும் உள்ளூர்த் தொழிற்சாலைகளிலிருந்தும் மருந்து வரும். நாங்கள் அதை லோரியில் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் அனுப்புவோம். பண்டமாரானிலிருந்து வரும் பையன்கள் பெட்டிகளை இறக்கி அடுக்குவார்கள். எது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை.

இங்கே சில ஆண்டுகளில் அக்கரைக் காடுகள் எரிந்து புகைமூட்டம் வந்து மூடும். எதிர்க் கட்டடம் தெரியாது. பள்ளிகளை மூடுவார்கள், ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலருக்கு அலைவார்கள். அப்படி ஒரு மோசமான புகைமூட்டத்தில் எங்கள் கிடங்கு கைவிரித்தது. அதன் பிறகு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். இன்ஹேலர் பெட்டிகளில் ஒரு பங்கை விற்பனையிலிருந்து பிரித்து, கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினோம். புதிய சரக்கு வந்தால் கூண்டில் இருக்கும் பழையது விற்பனைக்குப் போகும், புதியது உள்ளே வரும். காலாவதியும் ஆகாது, கூண்டும் காலியாகாது. அவசரம் வந்தால் மட்டும், ஆஸ்துமாக்காரர்களை நேரில் அறிந்த கடைகளுக்கு அதைத் திறக்க வேண்டும். சாவி என்னிடம் இருந்தது. நானே போட்ட விதி என்பதால், நான் அதை மீறக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

தலைநகரின் பிரிக்பீல்ட்சில் ஒரு சந்துக்குள் சின்ன மருந்துக்கடை வைத்திருந்த பெண் எங்களிடம் வெகுகாலம் சரக்கு எடுத்தவள். என்னைவிட ரொம்ப இளையவள். கூடப்பிறந்தவன் மாதிரி என்னை “அண்ணே” என்பாள். வானம் கொஞ்சம் மங்கினாலே போன் வந்துவிடும்.

“அண்ணே, கூண்டு ரொம்பியிருக்கா?”

“ரொம்பியிருக்கு. நீ போய்ப் படு.”

“நீங்க சொன்னா சரி.”

என் வார்த்தை இருந்ததால் அவள் தன் கடையில் கூடுதலாக எதையும் சேர்த்து வைக்கவில்லை. வைக்க இடமும் இல்லை. நான் அந்தப் பக்கம் போனால் பக்கத்து உணவகத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். அங்கே தோசைக்கல்லில் நின்ற மாஸ்டர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். ஆஸ்துமாக்காரர். இடுப்பில் துண்டும் சட்டைப் பையில் நீல இன்ஹேலருமாக வெளியே வந்து நிற்பார்.

“அங்கிள், நெய் ஊத்தவா? பக்கத்துல பார்மசி அக்கா உக்காந்திருக்காங்க, எனக்குப் பயமா இருக்கு.”

“ஊத்துங்க மாஸ்டர்,” என்பாள் அவள். “நாளைக்கு மாத்திரை வாங்க என் கடைக்குத்தானே வருவாரு.”

பிறகு கோவிட் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்தார்கள். சாலைகள் ஒரே இரவில் வெறிச்சோடின. என் போன் மட்டும் ஓயவில்லை.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் ஆள் இருப்பான். வங்கிக்கு ஒருவன், பள்ளிக்கூட இடத்துக்கு ஒருவன், மருந்துக்கு நான். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் நான் நுழைந்தால் பெரியவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அதில் பாதி மரியாதை மருந்துக்கானது.

சுங்கை வேயில் இருக்கும் என் அக்காதான் முதலில் கூப்பிட்டாள்.

“தம்பி, இது வந்தா மூச்சு அடைச்சிருமாம்லா. அந்தப் பம்பு ஒண்ணு எடுத்து வை.”

“உனக்கு ஆஸ்துமாவே இல்லையே அக்கா.”

“வந்தா?”

“வந்தா பாத்துக்கலாம்.”

“வந்தப்புறம் உன்னைத் தேடிக் கிள்ளானுக்கு நடந்தா வர்றது? ரோட்டுல போலீஸ் நிக்குது. மாமாவுக்கு ஒண்ணு. சம்பந்தியம்மாவுக்கும் ஒண்ணு போடு, இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்.”

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றேன். அக்கா குடும்ப வாட்ஸாப்பில் பெருமையாகப் போட்டாள். சித்தி கேட்டாள், சித்தப்பா மகன் கேட்டான், கோயிலில் கூட நிற்கும் நண்பர்கள் கேட்டார்கள். கிடங்கிலிருந்து நேராக வீடுகளுக்கு மருந்து கொடுக்க முடியாது. கடைக்கோ கிளினிக்குக்கோ மட்டும்தான். என் மச்சான் கிள்ளானில் கிளினிக் வைத்திருக்கிறான். அவன் பெயரில் அனுப்பினேன். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பக்கத்து உறவுக்கும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டிதானே என்று கூண்டைத் திறந்தேன். கேட்டவர்களில் உண்மையான ஆஸ்துமாக்காரர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தைத் தீர்த்து வைக்கும் ஆளாக இருப்பது எனக்கு இனித்தது.

மருந்துக்கடைப் பெண் கூப்பிட்டபோது நான் காலிக் கூண்டுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

“அண்ணே, கூண்டைத் திறங்க. இது புகை இல்லதான், ஆனா நெலமை அதேதான். என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

“கூண்டுல இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சும்மா.”

“நல்ல காரியம் அண்ணே. அவங்களுக்குத்தான் மொதல்ல வேணும். அப்போ புதுசு?”

“கப்பல் வெளிய நிக்குது. இறக்க ஆள் இல்ல. ரெண்டு மூணு நாள்ல வந்துரும்.”

“போதும். நீங்க சொன்னா நான் தைரியமா எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.”

சொன்னாள். கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், வேறெங்கும் அலைய வேண்டாம், இந்த நேரத்தில் வெளியே சுற்றாதீர்கள், இரண்டு நாளில் வந்துவிடும் என்றாள். மாஸ்டரிடமும் அதையேதான் சொன்னாள். அவருடைய இன்ஹேலர் தீரும் நிலையில் இருந்தது. ஆனால் உணவகம் பொட்டலம் கட்டிக் கொடுக்கத் திறந்திருந்தது. கல்லின் புகையும் இருந்தது.

சில நாள் கழித்து ஒரு பிற்பகல் அவள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

“அண்ணே, மாஸ்டரை ஆம்புலன்ஸ்ல கொண்டு போறாங்க. ஒதடெல்லாம் நீலமா... என் கைல ஒண்ணுமே இல்லண்ணே. சும்மா முதுகைத் தடவிக்கிட்டு நின்னேன்.” அடுத்ததாகக் கேட்டாள்: “கப்பல் வந்துருச்சா?”

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் இன்னும் என்னை நம்பிக் கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காரை எடுத்துக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் போனேன். மருந்து வேலை என்ற அனுமதிக் கடிதம் இருந்ததால் போலீஸ் விட்டது. சுங்கை வேயில் அக்கா வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்திருக்கியா? வெக்கமா இல்ல?”

“இருக்கு அக்கா. குடு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பிரிக்காத பெட்டிகளையும், அவற்றோடு ஒரு டப்பா முறுக்கையும் கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தியம்மாவிடம் அவளே போன் போட்டுச் சண்டை பிடித்து வாங்கிக் கொடுத்தாள். என் அக்கா அப்படித்தான். கேட்கும்போதும் கொடுக்கும்போதும் ஒரே சத்தம்.

ஒரு பை நிறைந்தது. அதை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்சுக்குப் போய் அவள் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டு எங்கே போனது, கப்பல் எங்கேயும் இல்லை என்பது வரை. அவள் பையைத் திறக்கவில்லை.

“இதை நான் யாருக்குக் குடுக்குறது? எந்தக் கார்ல, எந்த வெயில்ல கெடந்துச்சோ. வெளிய போன மருந்து திரும்ப அலமாரிக்கு வரக் கூடாது. லோரி வெயில்ல நின்ன பெட்டிய நான் திருப்பினப்போ நீங்க வாங்கினீங்களா?”

வாங்கவில்லை. விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். வரும் வழியெல்லாம் எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. வெறுங்கையோடு அவள் முன் நிற்கத் துணிவில்லாமல் பையைச் சுமந்து வந்திருந்தேன்.

“குடுத்ததுகூடப் பரவால்ல,” என்றாள். “இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பக்கத்துல பங்சார் கடைகள்ல கேட்டிருப்பேன். அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பியிருப்பேன். தேடுறதுக்கு அத்தனை நாள் இருந்துச்சு. அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க, சார்.”

அதுவரை நான் அவளுக்கு சார் ஆனதில்லை.

அந்தப் பை அழிக்க வேண்டிய மருந்தோடு போனது. கிடங்கு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஓய்வு வயதுக்குப் பிறகான வேலைநீட்டிப்பை நானே வேண்டாம் என்றேன், அவரும் தடுக்கவில்லை. போவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கூண்டு ஒரே இடத்தில், ஒரே சாவியில் இருக்க வேண்டாம். நோயாளிகளை அறிந்த கடைகளில் பிரித்து வையுங்கள், எங்கே எவ்வளவு இருக்கிறது என்று எல்லாக் கடைகளுக்கும் தெரியட்டும். அதைச் செய்தார்கள். அவள் கடையிலும் ஒரு பங்கு வந்தது. எப்படியோ அதற்கு இடம் பண்ணிவிட்டாள்.

மாஸ்டர் பிழைத்து வந்தார். ஆனால் புகையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உணவக முதலாளி அவரைக் கல்லாவில் உட்கார வைத்தார். தோசை வேறு கைக்குப் போனது. கட்டுப்பாடுகள் தளர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஆனதும், கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில் போய் அவரிடம் சொன்னேன்.

அவர் கல்லாப் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு ஊர்ல இருக்குற வீட்டுக்காரிக்குத்தான் போன் போட்டேன் அங்கிள். எடுத்துட்டா. எனக்குப் பேச்சு வரல. ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டே இருந்தா. அப்புறம் போன் கீழ விழுந்துருச்சு. ரெண்டு நாள் அவளுக்கு ஒரு தகவலும் இல்ல.” போனை எடுத்து வீடியோவில் அவளைக் கூப்பிட்டு என்னிடம் நீட்டினார். “என்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். திரையில் அந்த அம்மாள் முகம் அசையவே இல்லை.

“உங்க அக்காவுக்கு மூச்சு நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தாம்மா இருந்துச்சு.”

“படிச்சவருதானே நீங்க?”

“ஆமாம்மா.”

அதன் பிறகு என்னைத் திட்டினாள். நன்றாகத் திட்டினாள். பக்கத்து மேசையில் காப்பி குடித்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. நான் போனை இறக்கவில்லை. கடைசியில் களைத்துப்போய், “இனிமே அவருக்கு மருந்து இல்லாமப் போகாதுன்னு சொல்லுங்க,” என்றாள்.

முன்பிருந்த நானாக இருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

“அப்படிச் சொல்ல என்னால முடியாதும்மா. சாவி இப்போ என்கிட்ட இல்ல. இருந்தா இருக்குன்னு சொல்லுவேன். இல்லாட்டி இல்லன்னு அன்னைக்கே சொல்லுவேன்.”

“இது என்ன பெரிய உதவி?” என்று போனைக் கணவரிடம் கொடுக்கச் சொன்னாள்.

ஆனால் என் எண்ணை வாங்கி வைத்திருக்கிறாள். மலேசியாவில் புகை என்று அங்கே செய்தி வந்தால் எனக்கு ஒரு சொல் வரும்: “இருக்கா?” நான் ரயிலேறிப் பிரிக்பீல்ட்சுக்குப் போவேன். மருந்துக்கடைக்காரி “வாங்க சார்” என்று சொல்லி அலமாரியைக் காட்டுவாள். என் வாய்ச்சொல்லை நம்பாமல் நானும் கண்ணால் பார்த்துவிட்டு, “இருக்கு” என்று பதில் போடுவேன்.

போன புகையின்போது அலமாரி காலி. எல்லாம் போக வேண்டியவர்களுக்குத்தான் போயிருந்தது. அவள் காலையிலேயே தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். நானும் அங்கே நின்றபடியே எழுதினேன்: “இல்லை. எப்போது வரும் என்று தெரியவில்லை.” கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் மனைவியுடன் போனில் பேசி முடித்து, முகக்கவசம் மாட்டிக்கொண்டு உணவகத்திலிருந்து வெளியே வந்தார். யாரிடமோ கல்லாவை ஒப்படைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பங்சார் பக்கம் போனார்.

சாயங்காலம் அந்த அம்மாளிடமிருந்து ஒரு படம் வந்தது. மாஸ்டரின் கை, அதில் புதிய இன்ஹேலர். கீழே எழுதியிருந்தாள்: “ரெண்டாவது கடையிலயே கெடச்சிருச்சாம். நீங்க சாப்டீங்களா?”