கிழக்குச் சரிவில் பச்சைக்காய்

சியாவ்லியனுக்குத் தூக்கம் போய் ஐந்து வருடமாகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவள் வீட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பதே தூக்கத்துக்கான மருந்துதான். தாய்ஹாங் மலைச் சரிவில் முள்ளும் புதருமாக விளையும் புளிப்பு இலந்தையைப் பறித்து, சதையை நீக்கி, கொட்டையை உடைத்து, உள்ளிருக்கும் செம்பழுப்புப் பருப்பை விற்றுத்தான் ஊரே பிழைக்கிறது. பெய்ஜிங்கிலும் தியன்ஜினிலும் இருக்கிறவர்கள் அதை வறுத்து இடித்துக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறார்கள். இவளும் குடித்துப் பார்த்தாள். ஒரு பிடி போடுகிற இடத்தில் இரண்டு பிடி போட்டுக் குடித்தாள். பருப்பு என்ன செய்யும், பாவம்! வயிற்றெரிச்சலுக்கு அது மருந்தில்லையே.

அந்த எரிச்சலின் பெயர் யின்ஹுவா. கணவனின் தம்பி மனைவி, எதிர்வாசல் வீடு. ஓரகத்தி எதிர்வாசலில் இருந்தால் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். யின்ஹுவாவின் மகன் தியன்ஜினில் வீடு வாங்கிவிட்டான். யின்ஹுவா பிடிக்கும் கொழுக்கட்டை வேகும்போது ஒன்றுகூட வாய் பிளக்காது. போதாததற்கு அவளிடம் கிழக்குச் சரிவு இருக்கிறது.

அங்கேதான் சியாவ்லியனின் உயிரே இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மலையை வீட்டுக்கு வீடு பங்கு பிரித்தபோது, அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்குமாக இரண்டு சீட்டுகளை ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கினார்கள். அப்போது சியாவ்லியன், மூத்தவள் என்கிற கெத்தில், "நீயே மொதல்ல எடுடி" என்றாள். யின்ஹுவா எடுத்தாள். நன்றாக வெயில் விழும் கிழக்குச் சரிவு அவளுக்குப் போனது. சியாவ்லியனுக்குக் கல்லும் நிழலுமான பள்ளம் வந்தது. அந்த ஒரு வார்த்தையை நினைத்து இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

இந்த வருடம், சீன நாட்காட்டிப்படி இலையுதிர்காலத் தொடக்கத்தில் வரும் வெண்பனி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்கு முன்னால் யாரும் இலந்தையில் கை வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பேராசைக்காரர்கள் பச்சையிலேயே உதிர்த்து மொத்த விலையையும் கெடுத்தார்கள் என்று கொண்டுவந்தது. யார் சரிவில் பச்சைக்காய் உதிர்ந்தாலும் சரி, அந்தச் சரிவு வைத்திருக்கும் வீட்டுக்கு மூன்று வருடம் மலை கிடையாது, ஒரு காய்கூடப் பறிக்க முடியாது. "எவனோ திருடிட்டான்" என்று கதை விட முடியாது.

இந்த நிலையில் ஒரு நாள் சாயங்காலம் சியாவ்லியனின் கணவன் ஷௌலின் யின்ஹுவா வீட்டு வாசலிலிருந்து வெளியே வந்தான். தினைக் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கும்போது பார்த்தால், அவன் கட்டைவிரலில் சிவப்பு மை.

"என்னய்யா இது, வெரல்ல?"

"ஒண்ணுமில்ல. மொளகா விழுது."

"மொளகா விழுது மோந்து பாத்தா மை வாசம் அடிக்குமா? பத்திரத்துல கைநாட்டு வெச்ச வெரல் எனக்குத் தெரியாதா?"

"சும்மா நொய்நொய்ங்காதே. வெண்பனி அன்னைக்கு ஒனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை உறிஞ்சினான். சிரிப்பு வேறு!

போதாதா? யின்ஹுவாவின் மகனுக்கு இன்னொரு வீடு வாங்க இவன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினாள். என்னிடம் மறைத்து அவளுக்கு உபகாரமா? விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

மறுநாள் பகல் சாப்பாடு முடிந்ததும் ஊர் படுத்தது. அந்த நேரத்தில் அங்கே நாய்கூடக் குரைக்காது. விழித்திருந்தவள் அவள் ஒருத்திதான். கோணிப்பையையும் நீளக் கழியையும் எடுத்துக்கொண்டு கிழக்குச் சரிவுக்கு ஏறினாள். வெயிலில் ஒவ்வொரு புதரும் காய்த்துக் குலுங்கியது. அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்ச புத்தியும் போய்விட்டது.

"ஒனக்கு வீடு! ஒனக்குக் கொழுக்கட்டை! ஒனக்கு எம் புருசன் கைநாட்டா!" ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி. முள் முழங்கைவரை கீறியது. பச்சைக்காய் மழையாகக் கொட்டியது. பாதியைப் பையில் அள்ளினாள், பாதி சரிவெல்லாம் உருண்டது. ஒன்றைக் கல்லால் உடைத்துப் பார்த்தாள். உள்ளே பருப்பே இல்லை. பாலாடை மாதிரி வெள்ளையாக ஒரு தோல் மட்டும் விரலில் ஒட்டியது. யாருக்கும் ஆகாது என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம்!

சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. ஊர்ச் செயலாளர் மியாவ் பேசினார். "கிழக்குச் சரிவுல யாரோ பச்சைக்காய் உதிர்த்திருக்காங்க. சரிவு யார் பேர்ல இருக்கோ அந்த வீட்டுக்கு மூணு வருஷம் மலை கெடையாது. நாளைக்குக் காலைல ஆபீசுக்கு வரணும்."

சியாவ்லியன் இன்னும் ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சாப்பாடு ருசித்தது. "அய்யோ பாவம், யின்ஹுவாவுக்கா இந்தக் கதி!" என்றாள்.

ஷௌலின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் மேசையில் விழுந்தன.

"யின்ஹுவாவுக்கு இல்லடி, நமக்கு! நேத்துதான் சரிவை ஒம் பேருக்கு எழுதிக் குடுத்தா. நான்தான் ஒனக்காகக் கைநாட்டு வெச்சேன். பேரப்புள்ளையப் பாத்துக்க அவ தியன்ஜினுக்கே போறா. முன்னாடியே சொன்னா நீ ரோஷத்துல வேணாம்னுடுவேன்னு, வெண்பனி அன்னைக்குத்தான் சொல்லணும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா."

சியாவ்லியன் வாயிலிருந்த ரொட்டியை விழுங்க முடியாமல் திருதிருவென்று விழித்தாள். பத்தொன்பது வருடமாக ஏங்கிய சரிவு அவள் கைக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவளே அதை அடித்து உதிர்த்துவிட்டாள்.

யின்ஹுவா ஓட்டமாக வந்தாள். "அக்கா, நீங்க கவலைப்படாதீங்க. காலைல நான் போயி, நான்தான் உதிர்த்தேன், கையெழுத்துக்கு முன்னாடியே உதிர்த்துட்டேன்னு சொல்லிடறேன். நான் ஊரை விட்டுப் போறவ, எம் பேரு கெட்டா என்ன? சரிவு ஒங்களுக்கு நெலைக்கட்டும்." சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை சியாவ்லியனின் முழங்கையில் நின்றது. கீறலெல்லாம் இன்னும் காயவில்லை. சியாவ்லியனின் சட்டைக் கையை மெதுவாக இழுத்து மூடிவிட்டாள்.

அதைத்தான் சியாவ்லியனால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். வீடு அவளுக்கு, கொழுக்கட்டை அவளுக்கு, கடைசியில் தியாகி என்கிற பேரும் அவளுக்கா? அதையுமா விட்டுக்கொடுப்பது?

எழுந்து விறுவிறுவென்று ஊர் ஆபீசுக்கு நடந்தாள். மியாவ் "என்னம்மா, என்னம்மா?" என்பதற்குள் மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. கிழக்குச் சரிவுல காய் உதிர்த்தது நான்தான், சியாவ்லியன். மூணு வருஷம் மலை வேணாம், போங்க! நாளைக்கு யின்ஹுவா வந்து நான்தான்னு சொல்லுவா. நம்பாதீங்க! அவளுக்கு எல்லாத்துலயும் நல்ல பேரு வேணும்!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. வெளியே வந்தால், படியில் யின்ஹுவா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்குடி அழறே? ஒனக்கென்ன கொறைச்சல்?"

"கொறைச்சலா? எம் புருசன் கட்டட வேலைக்குப் போனா வருஷத்துல பதினோரு மாசம் வீட்டுல இல்ல. தனியாப் படுத்துக்கிட்டு ஒங்க ரெண்டு பேரு சண்டையையும் கேட்டுக்கிட்டே இருப்பேன். சண்டை போடக்கூட இவளுக்கு ஆளு இருக்கேன்னு வயிறு எரியும். பத்தொன்பது வருஷமா ஒங்களப் பாத்து எனக்குப் பொறாமைக்கா."

சியாவ்லியன் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, கீறிய கையால் முட்டிக்காலைக் கட்டிக்கொண்டாள்.

"என்னப் பாத்தா? பொறாமையா?" என்றாள். "எங்க, இன்னொரு தடவ சொல்லு."